கிளை பிரியும் கழிமுகத்தில் வண்டல் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது: அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிச்சாவரத்து வாய்க்கால்களில் தண்ணீர் மொண்டு வடிகட்டியே பல வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் புதிதாக இரண்டு மூன்று மாணவர்கள் வருவார்கள், அதே ஐந்தாறு இடத்தில் வழுக்குவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், வரிசைதான் தப்பிவிடுகிறது. கரையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதைப் படகில் யோசிக்கிறார்கள், ஆய்வகத்தில் முதல் நாளே செய்ய வேண்டியதைக் கடைசி நாளில் செய்கிறார்கள்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் உப்பனாறும் சுரபுன்னைக் காட்டுக்குள் (அலையாத்திக் காடு என்பதும் இதுதான்) பின்னிக் கிடக்கும் வாய்க்கால்களும், கடலுக்குச் சின்னவாய்க்கால் வழியாக இன்னொரு வாய். நான் சொல்லப் போவது இந்த இடத்தை வைத்துத்தான். கிளை பிரியும் எந்தக் கழிமுகத்துக்கும் முறை இதேதான், எண்கள்தான் மாறும்.

## 1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"இங்கே வண்டல் எவ்வளவு இருக்கிறது" என்று யாராவது எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எந்த நேரத்தில், எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் போகும்போது என்று கேட்டால் பதில் இருக்காது.

உருப்படியான கேள்விகள் மூன்று வகை. மூன்று கிளை கூடும் முச்சந்தியில் வந்து சேரும் வண்டலில் எந்தக் கிளைக்கு எவ்வளவு பங்கு? ஓர் ஏற்றவற்றத்தில், அதாவது கடல்நீர் ஒரு தடவை ஏறி வடியும் சுற்றில், இந்த வாய்க்கால் காட்டுக்குள் வண்டலைச் சேர்க்கிறதா, வெளியேற்றுகிறதா? இந்த இடம் வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மேடாகிறது? முதல் கேள்விக்கு ஒரே நேரத்தில் மூன்று படகு வேண்டும். இரண்டாவதற்கு ஒரு படகும் தூங்காத ஆட்களும் போதும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் படகே தேவையில்லை, பொறுமைதான் தேவை. கேள்வியை எழுதாமல் கிளம்பினால் மூன்றுக்கும் அரைகுறையாகத் தரவு வரும், ஒன்றுக்கும் பதில் வராது.

## 2. வண்டல் எப்படி நகர்கிறது என்பதைக் கரையிலேயே புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு தவறான ஆழத்தில் தண்ணீர் எடுக்கிறவர்கள். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

தண்ணீரோடு கலந்து வருவதை மிதவை வண்டல் என்று வைத்துக்கொள்வோம். ஆடாமல் நிற்கும் தண்ணீரில் 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) துகள் ஒரு மீட்டர் இறங்க நாலைந்து நிமிடம் போதும். 20 மைக்ரான் துகளுக்கு சுமார் 40 நிமிடம். 2 மைக்ரான் களிமண் துகளுக்கோ இரண்டரை, மூன்று நாள். கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் நிற்பது ஏற்றமும் வற்றமும் மாறும் அந்த அரை மணி நேரம்தான். அப்படியானால் களிமண் எப்போதுமே படியக் கூடாது, ஆனால் காட்டுக்குள் கால் வைத்தால் முழங்கால் வரை சேறு.

காரணம் உப்பு. ஆற்றுத் தண்ணீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். கொஞ்சம் உப்பு கலந்ததுமே அந்தத் தள்ளுவிசை அடங்கிவிடும், மோதும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் திரிவது போலத் திரள் திரளாகிவிடும். நுண்ணுயிர்கள் விடும் பசை அதை இன்னும் கெட்டியாக்கும். இந்தத் திரள்கள் நொடிக்கு 0.1 முதல் 1 மில்லிமீட்டர் வரை இறங்குகின்றன. அதாவது ஒரு மீட்டருக்குக் கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம். இப்போது அந்த அரை மணி இடைவெளிக்குள் ஒரு பங்கு படிந்துவிட முடியும். முழுக் கடல் உப்பு தேவையில்லை, லிட்டருக்குச் சில கிராம் போதும். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் பகுதியில் தண்ணீர் அதிகம் கலங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அடிநீரோட்டம். மழைக்காலத்தில் நன்னீர் மேலே கடலுக்குப் போகும், கனமான உப்புநீர் அடியில் உள்ளே வரும். மேலே இருந்து இறங்கும் திரள் அடியில் மாட்டினால் திரும்பவும் உள்ளே கொண்டுவரப்படும். மேற்பரப்பில் மட்டும் தண்ணீர் மொண்டால், வண்டல் போகும் திசையையே தலைகீழாகச் சொல்லிவிடுவீர்கள்.

மூன்றாவது, வேகத்தின் சமமின்மை. ஏற்றம் ஐந்து மணி நேரத்திலும் வற்றம் ஏழு மணி நேரத்திலும் முடிந்தால், ஏற்றம்தான் வேகமாக ஓட வேண்டும். வேகம் 1.3 மடங்கு என்றால் கிளம்பும் வண்டல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஏனென்றால் அது வேகத்தை மூன்று தடவை பெருக்கிய அளவில் (1.3 × 1.3 × 1.3) ஏறுகிறது. ஆனால் அவசரப்பட்டு "ஏற்றம் வலிது, வண்டல் உள்ளே போகிறது" என்று எழுதிவிடாதீர்கள். அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் பல நேரம் நேர்மாறு: ஏற்றத்தின்போது காட்டுக்குள் பரவிய தண்ணீர் முழுவதும் வடியும்போது ஒரே வாய்க்கால் வழியாகத் திரும்ப வேண்டும், அதனால் வாய்க்காலில் வற்றம்தான் வேகம். அதே சமயம் காட்டுக்குள், வேர்களுக்கு நடுவில், தண்ணீர் அவ்வளவு மெதுவாக வடிவதால் படிந்த சேற்றைத் திரும்பக் கிளப்ப அதற்கு வலுவில்லை. வாய்க்கால் தன்னைத்தானே தூர்வாரிக்கொள்ளும், காடு மேடாகும், இரண்டும் ஒரே ஏற்றவற்றத்தில் நடக்கும். எந்த இடத்தில் நின்று அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு நேர்மாறான முடிவு கிடைக்கும்.

அப்புறம் கிளை. முச்சந்தியில் மேல்தண்ணீர் வேகமாக நேரே பாய்ந்துவிடும், அடித்தண்ணீர் மெதுவாக வருவதால் பக்கக் கிளைக்குள் எளிதாகத் திரும்பிவிடும். மணல் அடியில்தான் வருகிறது. ஆகவே பத்தில் ஒரு பங்கு தண்ணீர் வாங்கும் கிளை, மணலில் அதைவிட அதிகமாக வாங்கக்கூடும். மெல்லிய சேற்றுக்கு இது அவ்வளவு பொருந்தாது, அது மேலிருந்து கீழ் வரை ஏறக்குறைய ஒரே மாதிரி கலந்திருந்தால் தண்ணீரின் பங்கே வண்டலின் பங்கு. அதனால் "தண்ணீர் பிரியும் விகிதமே வண்டல் பிரியும் விகிதம்" என்று எடுத்துக்கொள்வதற்கு முன்னால் துகளின் அளவைப் பாருங்கள்.

## 3. நிற்கும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

முச்சந்தியிலேயே நங்கூரம் போட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அங்கே சுழல் இருக்கும், தண்ணீர் குறுக்கே ஓடும், ஒரு கரையில் உள்ளேயும் மறு கரையில் வெளியேயும் போகும். மூன்று கிளையிலும் வாய்க்கால் அகலத்தைப்போல் ஐந்து மடங்காவது உள்ளே தள்ளி, நேராக ஓடும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

இரண்டு வாய்களுக்கு நடுவிலான வாய்க்காலில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரு பக்கமிருந்தும் ஏற்றம் உள்ளே வந்து ஓரிடத்தில் சந்திக்கும், அங்கே ஓட்டம் ஏறக்குறைய செத்துக் கிடக்கும். சேறு படிய அதைவிட வசதியான இடம் கிடையாது. காற்றும் ஆற்று வெள்ளமும் அந்தச் சந்திப்பை அங்கும் இங்கும் தள்ளும். படகுக்காரரைக் கேளுங்கள், எங்கே படகு தரை தட்டும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். என் அனுபவத்தில் வரைபடத்தைவிட அந்தப் பதில் நம்பகமானது.

## 4. நாளைக் குறியுங்கள்

ஓர் ஏற்றவற்றம் 12 மணி 25 நிமிடம். அதனால் குறைந்தபட்சம் 13 மணி நேரம், முடிந்தால் 25 மணி நேரம். இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் ஏறுவதில்லை, ஆகவே 25 மணி நேரம்தான் நியாயமானது. "காலை 9 முதல் மாலை 5 வரை" அளந்த தரவு எதற்கும் உதவாது. அதில் ஒரு வற்றம் முழுசாக இருக்கும், ஏற்றம் பாதி இருக்கும், கூட்டிப் பார்த்தால் கழிமுகமே கடலுக்கு ஓடிவிட்டது போல் தெரியும்.

இந்திய சர்வே துறை வெளியிடும் ஓத (ஏற்றவற்ற) அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலுள்ள நேரம் துறைமுகத்துக்கானது. காட்டுக்குள் ஏற்றம் தாமதமாகத்தான் வரும். எவ்வளவு தாமதம் என்பதை முந்தைய வாரமே ஒரு கம்பை நட்டுப் பார்த்துவிடுங்கள்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் ஒரு தடவை, அஷ்டமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் ஒரு தடவை என்று இரண்டு முறை அளக்க வேண்டும். நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் பெரிய நாளிலும் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். அஷ்டமிப் பக்கம் அது இன்னும் சுருங்கிவிடும்போது ஒரு பலத்த காற்றே கணக்கை மாற்றிவிடும். எனவே காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி கார்த்திகை வெள்ளமும் சித்திரையும் இரண்டு வேறு கழிமுகங்கள். மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு மேலே இருந்து வரும் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டால், அது அணைக்கரையில் கீழணையையும் தாண்டி வரும் சில நாட்களில்தான் கொள்ளிடம் வண்டலோடு இறங்கும். கோடையில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே கிடந்த சேறும் ஏற்றத்தோடு கடலோரத்திலிருந்து வருவதும்தான். ஒரு பருவத்துத் தரவை வைத்து வருஷத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

## 5. கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

முதலில் வனத்துறை அனுமதி. இது காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. இரவில் உள்ளே தங்குவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும், அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு ஓத நாளைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வடிதாள். கண்ணாடி இழை வடிதாளை வாலை வடிநீரில் (காய்ச்சி வடித்த தண்ணீரில்) கழுவி, 105 டிகிரியில் உலர்த்தி, ஆறவைத்து, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடை போட்டு, எண்ணிட்ட அலுமினியத் தட்டில் வைத்துவிட வேண்டும். கழுவுவது எதற்கென்றால், புதுத் தாளிலிருந்து இழைகள் உதிரும். முன் எடை போடாத தாளில் வடிகட்டிவிட்டால் அந்த மாதிரி போனது போனதுதான். எண்ணைத் தட்டில் எழுதுங்கள், தாளில் எழுதினால் மைக்கும் எடை உண்டு.

பாட்டில்களுக்கு எண் போடும்போது பாட்டிலின் உடம்பில் போடுங்கள். மூடியில் போட்டால் நள்ளிரவில் இரண்டு மூடி மாறும், எது எதன் மூடி என்று யாருக்கும் தெரியாது. எத்தனை பாட்டில் வேண்டும் என்றும் கணக்குப் பண்ணுங்கள்: மூன்று கிளை, மூன்று ஆழம், மணிக்கு ஒன்று, 25 மணி நேரம் என்றால் 225. மூன்று படகின் கைபேசி நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

மற்றபடி மிதவைச் சட்டை, குடிதண்ணீர், தலைவிளக்கு, பென்சில். காலில் கனமான செருப்போ காலணியோ கட்டாயம், வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடு காலைக் கிழித்துவிடும்.

## 6. குறுக்குவெட்டும் அளவுகோலும்

கரையிலிருந்து கரைக்குக் கயிறு கட்டி, இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை கம்பால் ஆழம் பாருங்கள். அடியில் சேறு இளகிக் கிடந்தால் கம்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அதனால் கம்பின் அடியில் ஒரு சின்னத் தட்டு பொருத்துங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஓர் அளவுகோலை நட்டு, ஆழம் பார்த்த நேரத்தில் அது காட்டிய மட்டத்தையும் எழுதுங்கள். இது இல்லாவிட்டால் பரப்பளவை மணிக்கு மணி திருத்த முடியாது. ஆழமே இரண்டு மீட்டர் உள்ள வாய்க்காலில் அரை மீட்டர் ஏறினால் பரப்பு கால் பங்கு கூடிவிடும்.

## 7. படகில்: ஒவ்வொரு மணி நேரமும் இதே வரிசை

முதலில் மட்டம், பிறகு நீரோட்டம், பிறகு உப்பு, கடைசியாகத் தண்ணீர் மொள்ளுதல். வேறு வரிசையில் செய்தால் குடி முழுகிவிடாது, ஆனால் மணிக்கு மணி மாற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். விடியற்காலை மூன்று மணிக்கு மூளை வேலை செய்யாது, கைப்பழக்கம்தான் வேலை செய்யும்.

நீரோட்டத்தை மூன்று ஆழத்தில் பாருங்கள். "மேலிருந்து ஆழத்தில் 0.6 பங்கில் ஒரே ஓர் அளவு போதும்" என்பது ஆற்றுக்கான விதி, அடியில் ஒரு திசையும் மேலே ஒரு திசையும் ஓடும் இடத்தில் அது செல்லாது. கருவி கெட்டுப்போனால் கைவசம் ஒரு தேங்காய் இருக்கட்டும். முக்கால்வாசி முழுகி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. பத்து மீட்டர் எத்தனை நொடியில் போகிறது என்று பார்த்து 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் தோராயமாக வரும், நன்னீரும் உப்புநீரும் அடுக்காகப் பிரியாத தண்ணீரில் மட்டும். திசையையும் எழுதுங்கள். வேகத்தை மட்டும் எழுதி, கூட்டலா கழித்தலா என்று வீட்டுக்கு வந்து யோசித்தவர்கள் உண்டு.

மொள்ளும் ஆழங்கள்: மேற்பரப்புக்குக் கீழே 30 செ.மீ., நடு, தரைக்கு மேலே 40 செ.மீ. மேலே இருந்து தொடங்கி அடிக்குப் போங்கள். அடியில் முதலில் எடுத்தால் நீங்களே கிளப்பிய சேறு மேல் மாதிரியில் ஏறிவிடும். மாதிரிக் குழாய் தரையைத் தொட்டுவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி எடுங்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராம் இருக்கும் இடத்தில் திடீரென்று 900 வந்தால் அது கழிமுகத்தின் சாதனை இல்லை, உங்கள் குழாயின் வேலை.

படகின் எஞ்சினும் இப்படித்தான். ஆழமில்லாத வாய்க்காலில் விசிறி சேற்றைக் கடைந்துவிடும். நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்து ஒரு பத்து நிமிடம் சும்மா இருங்கள், பிறகு தண்ணீர் எதிரே வரும் பக்கத்தில், படகின் மூக்கிலிருந்து மொள்ளுங்கள். சுற்றுலாப் படகு ஒன்று பக்கத்தில் போனால் நேரத்தோடு குறிப்பில் எழுதுங்கள்.

ஓட்டம் மாறும் அந்த அரை மணி நேரத்தில் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளவெடுங்கள். எல்லோரும் அப்போதுதான் "ஓட்டமே இல்லையே" என்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். வண்டல் படிவதும் அடுத்த ஓட்டம் கிளம்பியதும் முதல் கலங்கல் எழுவதும் அங்கேதான் தெரியும். மூன்று கிளையும் ஒரே நிமிடத்தில் திரும்புவதில்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்: ஒன்று இன்னும் வடிந்துகொண்டிருக்கும், மற்றது ஏறத் தொடங்கியிருக்கும், முதல் கிளையிலிருந்து வந்த கலங்கல் கடலுக்குப் போகாமல் இரண்டாவது கிளைக்குள் நுழைந்துவிடும். ஒரே படகில் மூன்று கிளையையும் சுற்றிச் சுற்றி அளந்தால் இது தெரியவே தெரியாது.

## 8. வடிகட்டுதல்: உப்பு செய்யும் மோசடி

எல்லாப் படிகளிலும் புதியவர்களின் தரவு அதிகம் சாவது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் வண்டலுள்ள கடல்நீரை அரை லிட்டர் வடிகட்டினால் தாளில் 15 மில்லிகிராம் நிற்க வேண்டும். வடிகட்டி முடிந்த ஈரத் தாளில் அரை மில்லிலிட்டர் கடல்நீர் ஊறியிருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஆக அந்த அரை மில்லிலிட்டர் காய்ந்தால் 17 மில்லிகிராம் உப்பு. உங்கள் வண்டலைவிட உப்பு அதிகம்! எடை போட்டால் லிட்டருக்கு 64 என்று வரும். மோசம் என்னவென்றால், ஏற்றத்தில் உப்பு கூடுதல், வற்றத்தில் குறைவு. அதனால் ஏற்றத்தில் வண்டல் அதிகம் உள்ளே வருகிறது என்று அழகாக ஒரு வரைபடம் கிடைக்கும், பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். ஒரு மாணவி முழுப் பருவத்தையும் இப்படி இழந்தாள், அவள் வரைபடத்தை முதலில் பார்த்தபோது நானும் தலையாட்டினேன்.

எனவே வடிகட்டியதும் வாலை வடிநீரை 20 மில்லிலிட்டர் வீதம் மூன்று தடவை ஊற்றிக் கழுவுங்கள். புனல் அழுத்திப் பிடித்திருக்கும் விளிம்பில் உப்பு ஒளிந்திருக்கும், புனலை எடுத்த பிறகு விளிம்பைச் சுற்றியும் ஒரு கழுவு. ஒவ்வொரு இருபது மாதிரிக்கும் ஒரு வெற்று வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே வடிகட்டித் தெளிந்த கடல்நீரை அதே போல் வடிகட்டிக் கழுவி எடை போட வேண்டும். எடை கூடியிருந்தால் கழுவியது போதவில்லை.

பாட்டில் தண்ணீரை முழுசாக வடிகட்டுவது நல்லது. பாதி ஊற்றினால் மணல் அடியில் தங்கிவிடும். வடிகட்டல் நின்றுபோகும் அளவு சேறு இருந்தால் நன்றாகக் குலுக்கி, அளந்து, உடனே ஊற்றுங்கள். மாதிரிகளை இருட்டில், குளிர்ச்சியாக வைத்து மறுநாளுக்குள் முடிக்கப் பாருங்கள்.

உலர்த்திய தாளை ஈரமுறிஞ்சிப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எடை போட வேண்டும். கடலோரக் காற்றில் தராசின் மேலேயே எண் ஏறிக்கொண்டு போவதைக் காணலாம். மறுபடி உலர்த்தி மறுபடி எடை போடுங்கள், இரண்டு எடையும் ஒத்துப்போகும் வரை.

## 9. கலங்கல்மானியை நம்புவதற்கு முன்

கலங்கல்மானி என்பது தண்ணீரின் கலங்கலை ஒளியால் பார்க்கும் கருவி. அது காட்டுவது ஒளிச் சிதறல், வண்டலின் எடை இல்லை. ஒரே எடையுள்ள மெல்லிய களிமண் மணலைவிடப் பல மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். கருவியோடு வந்த மாற்று எண்ணை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்த பாட்டில்களோடு ஒப்பிட்டுக் கோடு போடுங்கள், தெளிந்த தண்ணீர், கலங்கிய தண்ணீர் இரண்டும் அதில் இருக்கட்டும். வெள்ளக் காலத்துக்குத் தனிக் கோடு. கருவியைப் பல நாள் தண்ணீரில் விட்டால் கண்ணாடியில் பாசி பிடித்து எண் நாளுக்கு நாள் ஏறும், அதைக் "கலங்கல் கூடுகிறது" என்று படித்துவிடக் கூடாது.

## 10. கணக்கு

லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது கன மீட்டருக்கு ஒரு கிராம். இது நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. 40 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், நொடிக்கு 0.4 மீட்டர் என்றால் நொடிக்கு 32 கன மீட்டர் தண்ணீர். அதில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வண்டல் என்றால் நொடிக்கு 1.92 கிலோ, மணிக்கு ஏறக்குறைய 7 டன். (இந்தப் பகுதியிலுள்ள எண்கள் எல்லாம் கணக்குக் காட்டுவதற்காக நானாக வைத்தவை.)

குறியை முதலில் முடிவு செய்யுங்கள். வழக்கமாகக் கடலை நோக்கி என்றால் கூட்டல் என்பார்கள், ஆனால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலான வாய்க்காலில் இரண்டு பக்கமும் கடல்தான். கிளைக் கழிமுகத்தில் குழப்பமில்லாத வழி, முச்சந்தியை நோக்கி வருவது கூட்டல், அதைவிட்டு விலகுவது கழித்தல். மூன்று படகுக்கும் இதே விதி, மூன்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து, சராசரி எடுக்கும் இடம். ஏற்றத்தில் நொடிக்கு 0.4 மீட்டர், வண்டல் லிட்டருக்கு 100 மில்லிகிராம். வற்றத்தில் அதே 0.4, எதிர்த் திசையில், வண்டல் 50. வேகத்தின் சராசரி பூஜ்யம், வண்டலின் சராசரி 75, இரண்டையும் பெருக்கினால் பூஜ்யம். உண்மையில் ஒவ்வொரு சுற்றிலும் வண்டல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. எனவே ஒவ்வொரு அளவிலும் வேகத்தையும் வண்டலையும் முதலில் பெருக்கிவிட்டு, கடைசியில்தான் கூட்ட வேண்டும். தண்ணீர் சும்மா போய் வந்தாலும் வண்டலை மட்டும் ஒரு பக்கமாக இறைத்துவிடும் இந்த வேலையை ஓத இறைப்பு என்று சொல்லலாம். கழிமுகம் தூர்ந்துபோவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு பிழை. ஏற்றத்தில் உள்ளே 30 டன், வற்றத்தில் வெளியே 27 டன், நிகரம் 3 டன் உள்ளே. ஒவ்வொன்றிலும் பத்து சதவீதப் பிழை என்றால் நிகரத்தின் பிழை சுமார் 4 டன். அதாவது உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்றே சொல்ல முடியாது. நீரோட்டக் கருவி ஒரே பக்கமாக நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் தப்பாகக் காட்டினாலும், மேலே சொன்ன வாய்க்காலில் ஓர் ஏற்றவற்றத்துக்கு 2 டன்னுக்கு மேல் பொய் வண்டல் சேர்ந்துவிடும். நிகர எண்ணை எழுதும்போது அதன் பிழையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத வெட்கமாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடாதீர்கள்.

வண்டலுக்கு முன்னால் தண்ணீர்க் கணக்கைச் சரிபார்ப்பதுதான் சுலபமான சோதனை. மூன்று கிளையின் தண்ணீரையும் குறியோடு கூட்டினால், நடுவில் மட்டம் ஏறியதற்கான அளவு வர வேண்டும். நடுப் பரப்பு 10 ஹெக்டேர், ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. ஏற்றம் என்றால் நொடிக்கு 2.8 கன மீட்டர். கூட்டல் அதற்கு அருகில் வரவில்லை என்றால், கவனிக்காத சின்ன வாய்க்கால் ஒன்று காட்டுக்குள் எங்கோ இருக்கிறது, அல்லது ஒரு படகில் திசையைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி இரண்டாவதுதான்.

## 11. தங்கியது எவ்வளவு: படிவை நேரடியாக அளப்பது

நிகர ஓட்டத்தை வைத்து வருஷப் படிவைச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த 3 டன்னை 10 ஹெக்டேரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 30 கிராம். சேற்றின் உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 500 கிலோ என்றால் 0.06 மில்லிமீட்டர். வருஷத்துக்கு 705 ஏற்றவற்றம், பெருக்கினால் 42 மில்லிமீட்டர். இது உண்மையானால் சில வருஷத்திலேயே காடு ஏற்றத்துக்கு எட்டாத மேடாகியிருக்கும். ஒரு நாள் கணக்கை 705-ஆல் பெருக்கியதுதான் தப்பு. வெள்ளம், புயல், அஷ்டமி எல்லாம் அதில் இல்லை.

அதனால் தரையிலேயே அளக்க வேண்டும். வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் (ஒரு வகைக் கனிமம்) தூளைக் காட்டுத் தரையில் அரை சதுர மீட்டருக்குக் கெட்டியாகப் பரப்பிவிட்டு, ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து ஒரு சின்னத் துண்டை வெட்டிப் பார்த்தால் வெள்ளைக் கோட்டுக்கு மேல் எவ்வளவு சேறு என்று தெரியும். கோலமாவு போதாதா என்று ஒரு பையன் கேட்டான். அரிசி மாவென்றால் நண்டுக்கு விருந்துதான். ஃபெல்ட்ஸ்பாரையும் நண்டு தோண்டிக் கலைக்கும், அதனால் ஓர் இடத்துக்கு மூன்று கட்டமாவது போடுங்கள். வாய்க்கால் அடியில் இது நிற்காது.

சொரசொரப்பான தரை ஓடுகளை வைத்து, அவற்றின் மேல் படிந்ததை எடை போடுவது குறுகிய காலத்துக்கு நல்லது. நீண்ட குழாய்ப் பொறிகள் அதிகமாகவே காட்டும், ஏனென்றால் ஒரு தடவை விழுந்ததை அடுத்த ஓட்டம் கிளப்ப முடியாது. அது விழுந்த வண்டலின் அளவு, தங்கிய வண்டலின் அளவு இல்லை. பல பத்தாண்டுகளுக்கான விகிதம் வேண்டுமென்றால் சேற்றுத் தூண் எடுத்து அதிலுள்ள கதிரியக்க ஈயம்-210 ஆழத்தோடு எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும், அதன் அரை ஆயுள் 22 வருஷம். நண்டுகள் மேல் பகுதியைக் கிளறியிருக்கும் என்பதால் அந்தப் பகுதியின் எண்களை அப்படியே காலமாக மாற்றாதீர்கள்.

## 12. எடை போட்ட தாள்களை என்ன செய்வது

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 550 டிகிரியில் எரித்து மறுபடி எடை போடுங்கள், எடையில் குறைந்துபோனது பெரும்பாலும் இலை, பாசி, சாணம். காட்டுக்குள்ளிருந்து வற்றத்தில் வெளியே வருவது சில நாள் பார்க்கக் கன்னங்கரேலென்று இருக்கும், வண்டல் ஏகமாக வெளியேறுகிறது என்று நினைத்து எழுதியிருப்பீர்கள், எரித்துப் பார்த்தால் அதில் நல்ல பங்கு மக்கிய சுரபுன்னை இலையாக இருக்கும். அப்படியானால் உள்ளே போனது மண், வெளியே வந்தது இலை, இரண்டையும் ஒரே எண்ணாகக் கழித்திருக்கிறீர்கள். பத்தாவது படிக்குத் திரும்பிப் போய், கனிம எடையை மட்டும் வைத்துக் கணக்கை இன்னொரு தடவை போடுங்கள்.